கொக்கி

வல்கா ரயில் முற்றத்தில்
இருபத்தொன்பது வருடமாகப் பெட்டி இணைக்கிறவன் நான்.
இரும்பு இரும்பைப் பற்றும் ஓசையை வைத்தே சொல்வேன்
பூட்டு விழுந்ததா,
சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று.
அப்படிப்பட்டவன்
ஒரு மாத்திரையிடம் ஏமாந்தேன்.

எங்கள் ஊரே ஓர் இணைப்புதான்.
தெருவின் இந்தப் பக்கம் எஸ்தோனியா,
பூனை தாண்டிப் போகும் அந்தப் பக்கம் லாத்வியா.
ஒரே ஊருக்கு இரண்டு பெயர் இருப்பதை
பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.
ஒரே மருந்துக்கும் அப்படி இருக்கும் என்று
ஏனோ தோன்றவில்லை.

காலையில் வெள்ளைப் பெட்டி, இரவில் பச்சைப் பெட்டி.
ஆறு வருடப் பழக்கம்.
மார்ச்சில் புது டாக்டர் "இனி ஒன்றே போதும்" என்றார்.
என் காதில் விழுந்தது "இன்னும் ஒன்று".
பிழை என் காதிலா, அவர் அவசரத்திலா?
லெய்தாவும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.
நீலப் பெட்டியில் பெரிதாக ஒரு புதுப் பெயர்;
அதன் அடியில் எறும்பு எழுத்தில்
பழைய இரண்டு பெயர்கள்.
எறும்பை யார் படிக்கிறார்கள்?

மூன்று நாள் மூன்றையும் விழுங்கினேன்.
வியாழன்: பூட்ஸ் கட்டி நிமிர்ந்தால்
தண்டவாளம் மெல்ல வளைந்தது.
வெள்ளி: வயசு என்று நினைத்தேன்.
சனி: சௌனா.

சூட்டுக் கல்லில் நீர் ஊற்றியவன் மைத்துனன் ஹெய்கி.
ஆவி எழுந்தது. நானும் எழுந்தேன்.
ஆவி மேலே போயிற்று,
நான் கீழே.

கண் விழித்தபோது காலுக்கடியில் மூன்று தலையணை,
கன்னத்தில் ஒட்டிய பிர்ச் இலை,
கையில் பட்டை சுற்றிய ஆம்புலன்ஸ் பெண்.
எண்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்பது என்றாள்.
ஹெய்கி அதை லாட்டரிக்குக் குறித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி விட்டதும்
மருந்துக்கடை மாரிகாவின் மேசையில்
லெய்தா மூன்று பெட்டிகளையும் கொட்டினாள்.
மாரிகாவின் அப்பா சிக்னல்காரர்;
என்னோடு எந்த மொழியில் பேசவேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.
"இது புது வண்டி இல்லை, ஹெய்னோ.
உங்கள் பழைய இரண்டு பெட்டிகளும்
கொக்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.
அதே தண்டவாளத்தில், பின்னாலேயே,
அவற்றைத் தனியாகவும் அனுப்பிவிட்டீர்கள்."

பழையவற்றை வாங்கி வைத்துக்கொண்டாள்.
கொடுக்க மனசில்லை. காசு கொடுத்தவை.

வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள்.
முழங்காலுக்கு விழுங்கும் வலி மாத்திரையைச் சொன்னேன்:
டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.
மகள் தார்த்துவிலிருந்து அனுப்பிய
'உடம்புக்கு நல்ல' உப்பைச் சொன்னேன்:
அதில் இருப்பது பொட்டாசியம்,
இந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் இதயம் தடுமாறும்.
அப்படியானால் உப்பிட்ட கிலு மீன்?
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை,
பார்த்தாள்.

கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடப் போனேன்.
"அழுத்தம் ஏறினால் மணி அடிக்காது,"
ரசீதை நீட்டியபடியே சொன்னாள்,
"கேட் மூடியிருப்பது மோதிய பிறகுதான் தெரியும்.
ஒருநாள் மறந்தால் மறந்ததுதான்,
மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.
வாந்தி, பேதி வந்தால் விழுங்கும் முன் எனக்குப் போன்."

டாக்டர் சொன்ன நாளிலிருந்து
நீலம் மட்டும், காலையில், ஒன்று.
சௌனாவில் கீழ்ப்பலகைதான் எனக்கு;
ஹெய்கி அதைக் குழந்தைகள் வகுப்பு என்கிறான்.

ஐந்து நாற்பதுக்குச் சரக்கு வண்டி ஜன்னலை அதிரவைக்கும்.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
காலைத் தொங்கவிட்டு, பெட்டிகளை எண்ணுகிறேன்.
முன்பெல்லாம் விழித்ததும் துள்ளி நிற்பவன்.
மரம், மரம், எண்ணெய், காலி, மரம்...
இருபது வரை எண்ணிவிட்டு எழச் சொன்னாள்.
இன்று பதினெட்டோடு வண்டி தீர்ந்துவிட்டது.
மிச்சம் இரண்டையும்
இருட்டில் நானே இணைத்துக்கொண்டு
எழுந்தேன்.